என் அண்ணன் வாசித்த கஹோன்

எங்கள் குழுவில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊரும் வாத்தியமும்தான் பெயர். ஓசூர் கிடார், கடலூர் புல்லாங்குழல், போளூர் மவுத் ஆர்கன். நான் திருவண்ணாமலை கிடார். வாட்ஸ்அப் குழுதான். மேடை ஏறியவர் ஒருவரும் அதில் இல்லை, ஏறப்போகிறவரும் இல்லை. வேலை விட்டு வந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, போனைத் தலையணை மேல் வைத்து வாசிப்போம், அனுப்புவோம். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பாராட்டுவார்கள். பாராட்டித்தான் ஆக வேண்டும், அது விதி.

விதிகள் கொஞ்சம் கறாரானவை. ஒரே மூச்சில் வாசித்ததைத்தான் அனுப்ப வேண்டும், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. குக்கர் விசில், நாய், பக்கத்து வீட்டுச் சண்டை எது விழுந்தாலும் அது அப்படியே போக வேண்டும். பாராட்டுகிறவர் சும்மா கைதட்டும் பொம்மையைப் போட்டுவிட்டு நழுவ முடியாது. எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி, அந்த இடத்தில் என்ன பிடித்தது என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்ன இடத்தை இன்னொருவர் சொல்லக் கூடாது. கடைசியாகக் கேட்கிறவர் பாடு திண்டாட்டம். நல்ல இடமெல்லாம் போயிருக்கும். இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, விரல் நழுவிய சத்தத்தையாவது தேடிப் பிடித்து மெச்ச வேண்டும். அதனாலேயே என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

கிடார் வந்தது என் அண்ணன் கையால். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவன் அறைகள் வாடகைக்கு விடுகிறான். மாதக்கணக்கில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் காலி செய்யும்போது விட்டுவிட்டுப் போனதை, “பழைய இரும்புக்காரன்கூட வாங்க மாட்டான், நீயே வச்சுக்க” என்று வீட்டில் கொண்டுவந்து போட்டான். அவன் கொடுத்ததுதான் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யூடியூபைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். விரல் நுனி காய்த்துப்போனது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. பகல் முழுக்க அடுத்தவர் குறையைத் தட்டிவிட்டு வந்து, சாயங்காலம் எனக்காகத் தட்டிக்கொள்ள ஒன்று கிடைத்தது.

பௌர்ணமிதான் எனக்குப் பதிவு நாள். ஊரே மலையைச் சுற்றப் போகும், அண்ணனும் அறைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா இறந்த பிறகு வீட்டின் தலைவன் அவன்தான் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். அவனும் அதை மறுக்கவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்த என் போன் ஒளிர்ந்தது. ஓசூர் எழுதியிருந்தார்: “இன்னொரு தடவ வாசிங்களேன், ப்ளீஸ்.” அண்ணன் அதைப் படித்தான்.

“யாருடி இவன்?”

“தெரியாது.”

“தெரியாதவனுக்கு இன்னாத்துக்கு வாசிக்கற? ஊரு பேரு தெரியாத ஆம்பளைங்க கேக்கறதுக்கா வூட்ல கட்டில்ல உக்காந்துனு வாசிக்கற?”

“கட்டில்ல உக்காந்தா இன்னா, தரையில உக்காந்தா இன்னா?” என்றேன். அறை விழுந்தது. காதுக்குள் வண்டு புகுந்ததுபோல ரீங்காரம். நானும் சும்மா விடுகிற ஜாதி இல்லை. கைக்கு எட்டிய தண்ணீர்ச் சொம்பால் அவன் நெற்றியில் ஒன்று வைத்தேன். புடைத்துக்கொண்டது. அறைக்கு வந்த ஆட்களிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னானாம்.

அதற்குப் பிறகு வாசிக்கும்போதெல்லாம் என் அறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பௌர்ணமி வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. வீம்புதான், வேறென்ன. அவன் வீட்டில் இருக்கும்போதே வாசித்தேன். அவன் வந்து கதவை உதைப்பான். வாயைத் திறக்க மாட்டான், அக்கம்பக்கத்தில் கேட்டுவிடும். காலால்தான் பேச்சு. புது வீட்டுக் கதவு, மேலே பளபளப்பு, உள்ளே வெறும் பொள்ளல், அதனால் நல்ல கனமான ஓசை வரும். இரண்டு உதை, மூச்சு வாங்க ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு. கோபத்தில் இருக்கிறவனுக்கும் ஒரு நடை இருக்கிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு உதைக்கும் என் முதுகெலும்பு எகிறியது. எகிறுகிற முதுகை எத்தனை நேரம்தான் பொறுத்துக்கொள்வது? உதை எங்கே விழுகிறதோ அங்கே என் தாளத்தை நகர்த்திக்கொண்டேன். அவன் உதைக்க உதைக்க நான் அதன் மேல் வாசித்தேன். அவனுக்குக் கால் வலித்திருக்கும். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அப்படி ஒன்றை விதிப்படி வெட்டாமல் அனுப்பினேன்.

“1:12-ல அந்த ரெட்டை அடி. செம!” என்றார் ஓசூர். “பின்னாடி கஹோன் வாசிக்கறது யாருங்க?”

கஹோன் என்பது மரப்பெட்டி. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு முன்பலகையைக் கையால் தட்டுவார்கள். கிடாருக்கு நல்ல துணை. என் வீட்டுக் கதவு அவருக்குக் கஹோனாகக் கேட்டிருக்கிறது.

“அண்ணன்” என்று எழுதினேன். பொய் இல்லையே.

“குடும்பமே இசைக் குடும்பம் போல. அண்ணனுக்கும் ஒரு சபாஷ் சொல்லிடுங்க” என்றது போளூர் மவுத் ஆர்கன். கடலூர் புல்லாங்குழலுக்குத் தூரத்தில் ஓடிய மிக்ஸிகூடப் பிடித்துப்போனது. சுருதி சேர்ந்திருக்கிறதாம். நான் வாசிக்கும் நேரத்தில்தான் அம்மா சமையலறையில் மிக்ஸி போடுவாள். பாவம், அந்தச் சத்தத்தில் அவளுக்கு உதை எதுவும் கேட்காது என்று நான் நம்பியிருந்தேன். என்னிடம் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். கேட்டிருந்தால் வந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கடலூர் அதோடு நிற்கவில்லை. என் பதிவின் மேலேயே குழலை வாசித்து அனுப்பினார். அதன் மேல் போளூர். அதன் மேல் ஓசூர் இன்னொரு கிடார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இயர்போனில் கேட்டேன். என் அண்ணனின் உதைகளைச் சுற்றி மூன்று பேர் எவ்வளவு மென்மையாக வாசித்திருந்தார்கள்! ஓர் உதையைக்கூட அவர்கள் மறைக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டிருந்தார்கள். சிரித்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவ்வளவு அழகாக இருந்ததைக் கெடுக்க மனம் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடான வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். போனில் பதிவைத் தட்டிவிட்டு, கூடத்துப் பக்கம் திறக்கும் ஜன்னல் கட்டையில் வைத்து, வாசிக்க ஆரம்பித்தேன். உதை விழுந்தது. மிக்ஸி ஓடியது. வழக்கம்போல இரண்டிரண்டாக வந்த உதை திடீரென்று நடை மாறி, விடாமல் விழுந்தது. தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்துகொண்டு வந்தது.

கிடாரைக் கழுத்தைப் பிடித்துப் பிடுங்கினான். இரும்புக் கட்டிலின் விளிம்பில் ஓங்கி அடித்தான். முதல் அடியில் உடையவில்லை, வெள்ளைக்காரர் நல்ல கிடார்தான் வைத்திருந்தார். மூன்றாவதில் வயிறு பிளந்தது. அறுந்த தந்தி ஒன்று என் கன்னத்தைக் கீறியது. நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன், வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, விடவில்லை. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். முகத்தில் குத்தினான். கீழே விழுந்தேன். பிறகு கிடாரின் கழுத்துக் கட்டை மட்டும் அவன் கையில் இருந்தது. அதால் அடித்தான். ஏனோ முகத்தை விட்டுவிட்டு, என் இடது கையில் அடித்தான். தந்தியை அழுத்துகிற கை. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்தால் வரும் சத்தம்.

அவன் போன பிறகு எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னல் கட்டையில் போன் இன்னும் பதிந்துகொண்டிருந்தது. வலது கையால் நிறுத்தினேன். கேட்டுப் பார்க்காமல், வெட்டாமல், குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: “கஹோன் இல்ல. கதவு.”

பார்த்துவிட்டார்கள் என்பதற்கான நீலக் குறி உடனே வந்தது. பதில் வரவில்லை. பதிவு ஓடி முடியும் வரை வரவும் வராது, எங்கள் ஆட்கள் முழுக்கக் கேட்காமல் எழுத மாட்டார்கள். தரையில் மரச்சிராய்களுக்கு நடுவே சுவரில் சாய்ந்து காத்திருந்தேன். முதலில் கடலூர் எழுதினார். பாராட்டு இல்லை, வெறும் எண். 6:40. கொஞ்ச நேரத்தில் ஓசூர். 6:40. பிறகு போளூர். 6:40.

ஒருவர் சொன்ன இடத்தை இன்னொருவர் சொல்லக் கூடாது. அந்த விதியை அவர்கள் மீறி நான் பார்த்ததே இல்லை. கை உடைந்த இடமாக இருக்கும் என்று நினைத்தேன். சுவரில் மோதிய பக்கத்துக் காது அடைத்திருந்தது. மற்றக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன்.

அடிகள் கேட்கின்றன. நான் கத்துகிறேன். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது. மிக்ஸி நிற்கிறது. காலடிச் சத்தம் வருகிறது. பிறகு, போனுக்கு மிகப் பக்கத்தில், குழம்புக்கு உப்பு சரியா என்று கேட்கிற அதே குரலில், என் அம்மா பேசுகிறாள்.

“மூஞ்சில வேணாம்டா. வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க. கை கால்ல போடு.”

அதற்கடுத்துத்தான் அந்த முருங்கைக் கிளைச் சத்தம். அதற்குப் பிறகு மிக்ஸி மறுபடி ஓடுகிறது. மிக்ஸி ஓடிய நாளிலெல்லாம் சாப்பாட்டில் சட்னி இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ரசமும் அப்பளமும்தான்.

“வூடு எங்கன்னு சொல்லுங்க. நான் பக்கம்தான்” என்று போளூர் எழுதியது. போளூர் மவுத் ஆர்கன் ஒரு பெண் என்பதே ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையோடு வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். கூடத்தில் நின்ற அண்ணனை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உடைந்த கதவை மட்டும் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். “இதுக்கா சபாஷ் சொன்னோம்” என்றாள். என்னை வண்டியில் ஏற்றி, வெயிலுக்கு முகத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவால் என் கையை என் கழுத்தில் கட்டி, பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினாள். வழியெல்லாம் அழுதது அவள்தான், நான் இல்லை.

கட்டு போட்டார்கள். பெண்கள் விடுதியில் இடம் பார்த்துச் சேர்ந்தேன். ஊரார் மனுவையெல்லாம் அடித்தவள், என் மனுவை ஒற்றைக் கையால் நானே அடித்துப் போலீஸில் கொடுத்தேன். சிறுவிரல் பழையபடி மடங்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. இன்றுவரை முழுக்க மடங்கவில்லை.

கட்டு பிரிப்பதற்கு முன்பே அம்மா விடுதிக்கு வந்தாள். வரவேற்பறையில் என் எதிரில் உட்கார்ந்து, மனுவைத் திரும்ப வாங்கச் சொன்னாள்.

“ஏதோ கோவத்துல ரெண்டு தட்டிட்டான். கூடப் பொறந்தவன போலீசுல குடுப்பாங்களா? எனக்கு ஒன்னுமே தெரியாது, நான் மிக்ஸி போட்டுனு இருந்தேன். தெரிஞ்சிருந்தா வுட்ருப்பனா?”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது. பதிவில் இருந்தது என் அம்மாதானா என்று அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டேன். இல்லை என்று அழுதிருந்தால், ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தால், அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போயிருப்பேன். அவ்வளவு கேவலமாக ஆசைப்பட்டேன். இயர்போனை அவள் காதில் வைத்து, 6:40-இல் பதிவை ஓட விட்டேன்.

தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். முழுக்கக் கேட்டாள். எங்கள் குழுவில்கூட யாரும் அவ்வளவு அசையாமல் கேட்டிருக்க மாட்டார்கள். இயர்போனைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, என்னிடம் கொடுத்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

“பாத்தியா? நான்தான தடுத்தேன்” என்றாள். “நான் மட்டும் சொல்லலன்னா உன் மூஞ்சி இன்னா கதி ஆயிருக்கும்?”

சொல்லிவிட்டு, தழும்பில்லாத என் கன்னத்தைத் தடவக் கையை நீட்டினாள். நான் அதைத் தட்டிவிட்டேன். யோசிக்காமல் இடது கையால், மாவுக்கட்டோடு, ஓங்கித் தட்டிவிட்டேன். இரண்டு பேருக்குமே வலித்தது.