டெல்சியா நிரப்பாத கறுப்புப் புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை காலை டெல்சியாவின் தம்பி அன்ரன் தொலைபேசியில் அழைத்தார். "நிஸ்தார் நானா, அக்கா போயிட்டா" என்றார். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். மூன்று மாதமாக வைத்தியசாலையில் கிடந்தவர்தான். என்றாலும் நாங்கள் பதினொரு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம்.

பாலாவியில் எங்கள் பட்டறையை அறிந்தவர்களுக்கு டெல்சியாவையும் தெரியும். இயந்திரப் பாகங்களின் மேற்பரப்பை வெள்ளை ஒளியால் அளப்பது எங்கள் வேலை. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணாடிக்கும் மற்றதைப் பாகத்துக்கும் அனுப்புவோம். இரண்டும் ஒரே தூரம் போய்த் திரும்பினால்தான் வண்ணக் கோடுகள் தெரியும். அவை தெரியும் இடத்தை வைத்து அந்தப் புள்ளியின் உயரத்தை மயிரிழையிலும் நுணுக்கமாகச் சொல்லிவிடலாம். வீதியில் சீமெந்து லொறி போனால் கோடுகள் ஆடிக் கலைந்துவிடும். "ஆடட்டும், நமக்கென்ன பஸ் போயிடுமா?" என்று டெல்சியா கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்.

ஒருமுறை ஓர் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து, அமோனியா நச்சுவாயு கசியாமல் அடைக்கும் வளையம் ஒன்று வந்தது. வியாழன் பின்னேரம் நான் அளந்தேன். ஒளி சரியாகத் திரும்பாத இடங்கள் படத்தில் கறுப்பாக விழும். அவற்றைப் பக்கத்து உயரங்களால் நிரப்பும்படி கணினிக்குச் சொல்லி, வழுவழுப்பான படம் ஒன்றை டெல்சியாவிடம் நீட்டினேன்.

"இதில நான் சைன் வைக்க மாட்டன். தெரியாத இடத்த தெரியும் எண்டு எழுதலாமா?" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல். "ஒரு புள்ளிக்கு உயிரா போகுது?" என்று எல்லோர் முன்னும் கத்தினேன். அவர் வளையத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தோம். அந்த நேரம் வீதியில் லொறிகள் குறைவு. டெல்சியா தனியே மீண்டும் அளந்திருக்கிறார். திரும்பி வந்தபோது மேசையில் புதுப் படம் கிடந்தது. நான் நிரப்பிய இடம் முழுவதும் ஒரே வெடிப்பு. வெடிப்பைக் கண்டது யார் என்று முதலாளி கேட்டபோது, "ரெண்டு பேரும் சேந்துதான் பாத்தம்" என்றார் டெல்சியா. நான் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

கற்பிட்டியில் அடக்கம் முடிந்ததும் அன்ரன் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்த ஐஸ் மெஷினுக்குப் பக்கத்திலதான் நானா எனக்கு வேலை. வெடிப்ப நீங்கதான் கண்டுபிடிச்சீங்க எண்டு அக்கா எப்பவும் சொல்லுவா."

தம்பி அங்கே வேலை செய்வதை டெல்சியா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருப்பார். அந்த இடத்திலும் எனக்கு அழுகைதான் வந்தது, உண்மை வரவில்லை.

டெல்சியாவினால் எனக்குக் கிடைத்தது அவர் தம்பியின் அந்த நன்றி. அன்ரன், அது எனக்குரியதல்ல. வெடிப்பைக் கண்டது உங்கள் அக்கா. அதை மூடியவன் நான்.