சித்தி விட்டுக்கொடுக்காத இடம்

என் சித்தி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். மரச்சுத்தியலால் ஒரு போடு போட்டால் பாளம் சர்க்கரையாக உதிரும். வாய் அதைவிடக் கூர்மை. சித்தப்பாவின் படகு கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகும் அதே வேலை, அதே வாய்.

திரும்பாத படகின் இடத்தை, படகுக்காரரின் வீட்டுக்காரி விட்டுக்கொடுக்கும் வரை எங்கள் துறைமுகத்தில் யாரும் தொடமாட்டார்கள். மற்ற படகுகள் இடித்துக்கொண்டு நின்றாலும் அந்த ஒரு படகளவுத் தண்ணீர் சும்மா கிடக்கும். "எடுத்துக்கங்க" என்று சித்தி சொல்லிவிட்டால், சித்தப்பா இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். சித்தி சொல்லவேயில்லை.

படப்பிடிப்புக்கு வந்த சினிமாக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? காலி இடத்தைக் கண்டதும், புதுப் பெயிண்ட் அடித்த தங்கள் படகை அங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள்.

மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் படகு துறைமுகத்தின் நடுவில் மிதந்தது. இழுத்து வந்து இரட்டைக் கயிறு போட்டார்கள். கேமராவைத் திருப்புவதற்குள் மறுபடி நடுவில். காற்று துளிகூட இல்லை.

"அக்கா, நீங்கதானே அவுத்து விட்டீங்க?" என்றார் உதவி இயக்குநர்.

"ரெண்டு கையிலயும் ஐஸ் இருக்கு தம்பி. பல்லால அவுத்தேனா?"

துறைமுக மேஸ்திரி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. படகைக் கட்டியிருந்த கயிறுகள், அவிழ்த்துப் பொறுமையாகச் சுருட்டிக் கரையில் வைக்கப்பட்டிருந்தன.

"சார், அந்த இடம் வேண்டாம். அது இவங்க வீட்டுக்காரர் படகு நிக்கிற இடம்," என்றார் மேஸ்திரி.

சரி, வெறும் தண்ணீரையாவது எடுப்போம் என்று கேமராவை ஓடவிட்டார்கள். படகு உரசாமலிருக்கக் கரைச்சுவரில் தொங்கவிட்ட டயர்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோடு அமுங்கின. சரியாக ஒரு படகு நீளத்துக்கு. தண்ணீரில் எதுவுமே இல்லை.

கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது.

சித்தி சுத்தியலை வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்தபடி விளிம்புவரை போனார்.

"வர்றதுக்கு இவ்வளவு நாளா?" வழக்கமாக ஏசும் அதே குரல். "எல்லாரும் பாக்குறாங்க, போங்க."

டயர்கள் மெல்ல உப்பின.

"மேஸ்திரிண்ணே, அவர் வந்துட்டுப் போயிட்டார்," என்றார் சித்தி. "இடத்தை எடுத்துக்கங்க."

மாலையில் கரைக்கு வந்த முதல் படகை சித்தியே கைகாட்டி அங்கே கூப்பிட்டார். படகோட்டி தயங்கினான்.

"தைரியமா வாப்பா. இனிமே இடிக்காது."