உலக இணையத்துக்கு அக்காவின் ஹம்மிங்

இருபது வருடமாக என் அக்கா அரசாங்கத்தில் சுருக்கெழுத்தர். பேனா ஓட ஆரம்பித்தால் மூடிய வாய்க்குள் ஒரு பாட்டும் ஓடும்; அது அவளுக்கே தெரியாது.

உலக இணையத்தின் கடிவாளம் ஒரே அரசாங்கத்தின் கையில் இருக்கலாமா என்று முடிவெடுக்கப் பொறியாளர்கள் கூடினார்கள். "குறிப்பு மட்டும் எடுங்க, வாயத் திறக்கக் கூடாது" என்று சொல்லி மேலதிகாரி அவளை அனுப்பினார்.

அந்தக் கூட்டத்தில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஹம்மிங் செய்வார்கள், எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். "கூடாதுங்கறவங்க?" என்று தலைவர் கேட்டபோது, குனிந்து எழுதிக்கொண்டிருந்த அக்கா சரணத்தின் உச்சியில் இருந்தாள். கூடாது என்பதே ஜெயித்தது. அரங்கமே அவளைப் பார்த்துக் கைதட்டியது.

மறுநாள் மேலதிகாரி தையத்தக்கா என்று குதித்தார். "யாரு உங்கள ஓட்டுப் போடச் சொன்னது?"

"நான் வாயே திறக்கலையே, சார்!"