ரோசாவுக்கு இரண்டு பூசை

இல்சேயிடம் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்கலாம் என்று எண்ணக் கூடாது. லண்டன் குட்மேய்ஸில் அந்தத் தெருவில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். பழைய திரைச்சீலையோ, சாயம் போன மேசை விரிப்போ, யாரோ ஒருவரின் கழுத்துப்பட்டியோ, அவள் கைக்குப் போனால் கத்தரிக்கோலுக்குப் போனதுதான். பிறகு அது ரயில் ஜன்னலாக, பாலமாக, மழைக்குள் நிற்கும் பெண்ணின் கோட்டாக அவள் வீட்டுச் சுவரில் வந்து தொங்கும். இல்சே துணியால் படம் தைக்கிறவள். தூரிகையைத் தொடமாட்டாள். வாழ்நாள் முழுக்கக் கிழக்கு லண்டனில் உடுப்புத் தைக்கும் இடத்தில் மெசின் மிதித்தவளுக்கு ஊசிதானே கை.

அவள் யூதப் பெண். பிறந்தது ஜெர்மனியில் ஒரு சின்னக் கிராமம். இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்குச் சற்று முன், பத்து வயதில், தாய் தகப்பன் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் ஏற்றிவந்த ரயிலில் இந்த நாட்டுக்கு வந்தவள். தகப்பன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தாய் ரோசா ரயில் மேடையில் நின்று கை காட்டினாள். போர் முடிந்து இல்சே போய்க் கேட்காத அலுவலகம் இல்லை. கிழக்கே முகாமுக்கு அனுப்பப்பட்டார் என்றார்கள். அதற்கு மேல் சொல்ல ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். இல்சேக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, வாயைத் திறந்து சொல்வது இன்னொன்று. அவள் சொல்லவில்லை. ஐம்பது வருசமாகச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்கு எண்பத்தாறில் மன்னாரிலிருந்து அருள்நாயகி வந்து சேர்ந்தாள். கத்தோலிக்கப் பெண், வாயாடி, நல்ல மனசு. வந்த மூன்றாம் நாளே வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அன்ரி, இந்தக் குளிருக்கு நீங்கள் என்னெண்டு இருக்கிறியள்?" என்று கேட்டாள். கேட்டது என்னவோ இங்கிலிஷில்தான், அதுவும் உடைந்த இங்கிலிஷ். பதில் சொன்னவளின் இங்கிலிஷிலும் ஜெர்மன் கரகரத்தது. ஆனாலும் எங்கள் வாயால் சொன்னால் எங்கள் பேச்சாகத்தான் வரும். அதை மாற்ற ஏலாது.

அந்த ஜூனில் இல்சே அருளின் கூறைச்சேலையைக் கொடியில் கண்டுவிட்டாள்.

"அந்தக் கரையிலை ஒரு சாண் தாவன், அருள்."

"ஐயோ அன்ரி! அது என்ரை கலியாணச் சீலை!"

"கலியாணம் முடிஞ்சுது தானே?"

சேலை தப்பியது. பிளவுஸ் வெட்டித் தைத்த மிச்சத் துண்டுகள் எல்லாம் போயின. அன்று தொடங்கிய ஒட்டுதல்தான். இல்சே தன் மதத்துச் சாப்பாட்டு முறையை விடாதவள், அதனால் அருள் வீட்டுச் சட்டியில் சமைத்தது எதையும் தொடமாட்டாள். வெட்டாத பழம் என்றால் வேலி தாண்டலாம். அருளும் அதைப் பழகிக்கொண்டு பழமாகவே கொடுத்தாள். அருளின் தம்பி கஸ்பரைப் பற்றியும் இல்சேக்குத் தெரியும். ஊரில் ராணுவம் செய்த சுற்றிவளைப்பு ஒன்றில் பிடித்துக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு தகவல் இல்லை. செவ்வாய் தவறாமல் அருள் கோயிலுக்குப் போய், அவன் சுகமாய்த் திரும்பி வர அந்தோனியாரிடம் கேட்பாள். இல்சே அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பஸ்சுக்குப் பிந்தாதே என்பாள், அவ்வளவுதான்.

இல்சேக்கு இன்னொரு கூட்டமும் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, யூதப் பெண்கள் சிலர் ஒருவர் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். ஒருத்தி கவிதை எழுதுவாள், ஒருத்தி களிமண்ணில் உருவம் பிடிப்பாள். பாக்தாத்திலிருந்து வந்த வயலெட் கதை எழுதுவாள். வந்த ஊர் எல்லாம் வேறு, சண்டை மட்டும் ஒன்று: எங்களை எழுதுவது யார், எங்களை வரைவது யார். தொண்ணூற்றொன்றில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து, டிசம்பர் முதல் ஞாயிறு இல்ஃபோர்டில் ஒரு மண்டபம் எடுத்து, தாங்கள் செய்தவற்றைக் காட்சிக்கு வைப்பது என்று தீர்மானித்தார்கள்.

இல்சே எடுத்துக்கொண்டது ஒரு நீளத் துணி. அவள் பிறந்த கிராமத்தில் ஆண்பிள்ளை பிறந்தால், அவனைச் சுற்றிய துணியை நாடாவாகக் கிழித்து இணைத்து, அவன் பெயரை நூலால் எழுதி, வேதச் சுருளைச் சுற்றிக் கட்டச் செபக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். பெண்பிள்ளைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. "ஏன் கிடையாது? நாங்கள் என்ன துணி சுத்தாமலோ பிறந்தனாங்கள்?" என்று இல்சே தொடங்கிவிட்டாள். மகள் மிரியம் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, பெண்பிள்ளை என்று ஸ்கானில் சொல்லியாகிவிட்டது. அந்தப் பேத்திக்குத்தான் துணி. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் ரயில் வந்தது, கப்பல் வந்தது, தையல் மெசின் வந்தது, அருளின் பிளவுஸ் துண்டில் ஒரு வேலியும் வந்தது. கடைசியில் பெயருக்கு ஒரு சாண் இடம் வெறுமையாக இருந்தது.

அந்த ஒரு சாண்தான் பிரச்சினை. மிரியம் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ரோசா எண்டு வைப்பமே, அம்மா?" என்று கேட்டாள்.

"ஏலாது."

ஏன் என்று மிரியம் கேட்கவில்லை. இல்சேயின் ஆட்கள் காலஞ்சென்றவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடு இருப்பவரின் பெயரை வைத்தால் அவர் ஆயுளைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பயம். மிரியம் பிறந்தபோதும் இதே கேள்வி வந்தது. இதே பதில்தான். ரோசா என்று வைத்தால் தாய் செத்துவிட்டாள் என்று தன் வாயாலேயே சொன்னதாகும்.

நவம்பர் பிறந்தது. ஒருநாள் காலையில் அருள் சந்தோசமாக ஓடி வந்தாள்.

"அன்ரி, உங்கடை அம்மாவுக்கும் பூசை குடுத்தனான்!"

இல்சே நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "என்ன பூசை?" என்றாள்.

"இது ஆத்துமாக்களின்ரை மாதம் எல்லே. செத்த ஆக்களின்ரை பேர் சொல்லிப் பாதர் பூசை வைப்பார். ரோசா எண்டு எவ்வளவு வடிவாய்ச் சொன்னவர் தெரியுமே! உங்கடை அம்மாவுக்கு இஞ்சை ஒருத்தரும் செபிக்கேல்லை எண்டு எனக்குக் கவலையாய்க் கிடந்தது."

இல்சே துணியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"யூதப் பொம்பிளையைக் கோயிலுக்குள்ளை கொண்டுபோனனி, அதைப் பிறகு பாப்பம். என்ரை அம்மா செத்தவ எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"அன்ரி… அந்த நேரம் போன ஆக்கள் எல்லாரும்…"

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்."

அருள் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தாள். இல்சே விடவில்லை.

"கஸ்பரின்ரை பேரையும் குடுத்தனியோ?"

"இல்லை!" அருளின் குரல் உயர்ந்தது. "அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?"

சொன்ன வார்த்தை அறைக்குள்ளேயே நின்றது. இல்சே கேட்ட அதே கேள்வி தன் வாயிலிருந்தும் வந்தது அருளின் காதிலும் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

அதன் பிறகு வேலியில் தலை தெரியவில்லை. இல்சே துணியை எடுப்பாள், வைப்பாள். கோபம் அருள்மேல் மட்டும் என்றால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். அந்தப் பெண் முழு உலகமும் சொல்வதைத்தானே சொன்னாள்? உலகம் சொன்னபோது வராத வலி, பக்கத்து வீட்டுக்காரி அன்பாகச் சொன்னபோது வந்தது. பழமும் வரவில்லை. கடையில் வாங்கிய ஆப்பிள் ருசிக்கவில்லை.

ஒன்றரைக் கிழமை போக, கதவு தட்டப்பட்டது. ஒரு பை தோடம்பழத்தோடு அருள் நின்றாள், கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"பாதரிட்டைப் போனனான், அன்ரி. அந்தப் பூசையைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டன்."

"பூசையைத் திருப்பி எடுக்கிறதோ? அது என்ன, கடையிலை வாங்கின சப்பாத்தோ?"

"ஏலாதாம். போன செபம் போனதுதானாம். அப்ப நான் சொன்னன், அவ சுகமாய் இருக்கவேணும் எண்டு இன்னொண்டு வையுங்கோ எண்டு. பாதர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்தார். 'பிள்ளை, அண்டைக்கு ஆத்தும இளைப்பாற்றிக்கு வைச்சன், இப்ப உடம்பு சுகத்துக்கு வைக்கிறதோ?' எண்டு கேட்டார். ஓம் பாதர், எங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும், அவர் பொருத்தமானதை எடுக்கட்டும் எண்டு சொன்னன்."

"வைச்சவரோ?"

"வைச்சவர். கஸ்பரோடை சேர்த்து. ரெண்டு பேருக்கும் ஒரே பூசை."

இல்சே கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறைத் தொடும் யூதக் கிழவியும் மன்னார்ப் பொடியனும் அந்தோனியாருக்கு முன்னால் சோடியாக நிற்பதை நினைத்ததும் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. சிரித்தாள், சிரித்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை. அருள் பையைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு தோடம்பழம் உருண்டு தெருவுக்குப் போனது. ஒருவரும் அதன் பின்னால் போகவில்லை.

காட்சிக்கு முந்திய கூட்டத்தில் வயலெட் துணியை விரித்துப் பார்த்தாள். "வெறும் இடத்தோடையே கொண்டுவரப்போறாய்?" என்று கேட்டாள். இல்சே தங்கள் ஆட்களின் வழக்கத்தைச் சொன்னாள். வயலெட் கையைக் கொட்டிச் சிரித்தாள்.

"எங்கடை பாக்தாத்திலை கிழவி உயிரோடை இருக்கேக்கையே பேத்திக்கு அவவின்ரை பேரை வைப்பம். வைக்காட்டில் கிழவி கோவிப்பா. நாங்களும் யூதர்தானே? நீங்கள் மட்டுமோ மோசேயோடை நடந்து வந்தனீங்கள்?"

"நான் பாக்தாத் இல்லை," என்றாள் இல்சே. பிடிவாதக்காரி. ஆனால் வீட்டுக்கு வரும் பஸ்சில் அவள் வழக்கம்போல் வெளியே பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் கடைசியில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிரியம் பிள்ளையை நீட்டினாள். இல்சே வாங்கினாள். சிவந்த முகம், கோபமான நெற்றி.

"ரோசா எண்டு வை," என்றாள்.

மிரியம் தாயின் முகத்தைப் பார்த்தாள். மெல்ல, "அப்ப அம்மம்மா…" என்றாள்.

"எனக்குத் தெரியாது. அதைக் கேளாதை. நான் பேரைத்தான் சொன்னன், வேறொண்டும் சொல்லேல்லை."

"உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரை எங்கடை ஆக்கள் வைக்கிறேல்லையே, அம்மா."

"வயலெட்டின்ரை ஆக்கள் வைக்கினம். அம்மா வந்தால் வரட்டும். கதவைத் தட்டி, என்ரை பேரை என்னைக் கேளாமல் ஏன் குடுத்தனி எண்டு திட்டட்டும். அந்தத் திட்டு வாங்கத்தானே நான் இவ்வளவு காலம் நிக்கிறன்."

அந்த ஞாயிறு மண்டபக் கதவைத் திறந்தபோது பெயர் முடிந்திருக்கவில்லை. கடைசி எழுத்தில் பாதி பாக்கி. சனம் உள்ளே வரத் தொடங்கியது. வயலெட் அரபியில் ஏசினாள். இல்சே கதிரையில் ஏறி, சுவரில் தொங்கிய துணியிலேயே தைத்துக்கொண்டு நின்றாள். அருள், கலியாணத்துக்குப் போகிறவள் மாதிரிக் கூறைச்சேலை உடுத்தி வந்தவள், கீழ்முனையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இழுத்துப் பிடி, அருள். சுருங்குது."

"பிடிச்சிருக்கிறன், அன்ரி. நீங்கள் ஆறுதலாய்த் தையுங்கோ. சனம் நிண்டு பாக்கட்டும்."