மரை வேட்டைக்குப் போன இடத்தில்

மெல்பேர்னுக்கு வந்து இத்தனை வருடமாகியும் யூலை பிறந்தால் எனக்கு மனிசரோடு முகம் கொடுத்துக் கதைக்க வராது. கண்டறியாத குளிர். அப்படிப்பட்ட நான் 2013இல், அதுவும் நடு யூலையில், வலியப் போய்ப் பனிமலை ஏறினேன் என்றால் அது என் மச்சானுக்காகத்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி.

அவன் படகில் வந்தவன். தடுப்பு முகாமிலிருந்து விட்டபிறகு கேரம் டவுன்ஸில் எங்கள் வீட்டில் இருந்தான். விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுக்க அறைக்குள் கிடப்பான். சாப்பிட வா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் சத்தமே வராது. கதவைத் திறந்து பார்த்தால் கட்டிலில் கண்ணை முழித்தபடி இருப்பான். "காதுக்குள்ள என்ன அடைப்பே?" என்று நான் கத்துவேன். "நீங்கள் உங்கட வாயைக் கொஞ்சம் பொத்துங்கோ" என்று மனைவி என்னைக் கத்துவாள். கிட்டப் போய்த் தோளில் தொட்டால் மட்டும் உடனே எழும்பி வந்து சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் இருப்பான்.

என்னோடு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வெள்ளைக்காரன் ஒருவனுக்கு வேட்டைப் பைத்தியம். தான் சுட்ட பெரிய மானொன்றின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தான். வீட்டில் அதைக் காட்டியபோது மச்சான் போனைப் பறிக்காத குறையாக வாங்கினான்.

"இது மரை எல்லே அத்தான்!"

அவன் குரலில் உயிர் இருந்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்ட சாதி அது என்று வேலைத்தலத்தில் கேட்டு வைத்திருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியே, இதுவும் உன்னைப்போலக் கடலாலதான் வந்தது. ஒருத்தரும் விசா கேக்கேல்லை."

"அதுதான் சுடுறாங்களாக்கும்" என்றான்.

இரண்டு பேரும் சிரித்தோம். மனைவி சிரிக்கவில்லை.

ஆனாலும் அவனைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவள் அவள்தான். வெளியில் இறங்கினால் மனம் மாறும் என்று நினைத்தாள். புறப்படும்போது அவனுக்கு இரண்டு கம்பளிச் சட்டையும் என்னுடைய நல்ல ஜாக்கெட்டையும் போட்டுவிட்டு, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"அண்ணாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன். கூட்டிக்கொண்டு போற மாதிரியே கூட்டிக்கொண்டு வாங்கோ."

"பின்ன, வித்துப்போட்டே வரப்போறன்?" என்றேன்.

மலையில் பனி முழங்காலுக்கு வந்தது. போத்தலில் தண்ணீர் கல்லாகிவிட்டது. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். துவக்கு வெள்ளைக்காரனிடம் மட்டும். எங்களுக்கு அதற்கு லைசன்ஸ் இல்லை. பின்னால் நடந்து, கிடைக்கிற இறைச்சியைச் சுமப்பதுதான் எங்கள் வேலை. மச்சான் முன்னுக்கு முன்னுக்கு நடந்தான். பனியில் குளம்படியைக் கண்டால் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பான். இவன் தப்பிவிட்டான் என்று நான் மனதுக்குள் சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம் பின்னேரம் வரைக்கும்தான்.

எதிர்ச் சரிவில் மரை ஒன்று குரல் கொடுத்தது. பழைய லொறியின் ஹோர்ன்போல ஒரே ஒரு சத்தம். வெள்ளைக்காரன் குந்தியிருந்து குறிபார்த்தான். நான் காதைப் பொத்திக் கண்ணையும் மூடிக்கொண்டேன். வெடி மலையெல்லாம் உருண்டுபோய் அடங்கியது. கண்ணைத் திறந்தபோது மரையும் இல்லை, மச்சானும் இல்லை.

அவனுடைய காலடிகள் சரிவால் இறங்கி ஓர் ஓடைக்குப் போயின. அக்கரையில் காலடி இல்லை. இக்கரையிலும் வேறெங்கும் இல்லை. தண்ணீர் முழங்காலளவு, ஆளை அடித்துக்கொண்டு போகிற தண்ணீர் இல்லை. வெள்ளைக்காரன் வாயில் கையைக் குவித்து அவனுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். காடு சத்தமில்லாமல் கிடந்தது. போனில் சிக்னலும் இல்லை.

"கால் நனைந்திருக்கும். இந்தக் குளிரில் இருட்டும்வரை தாங்கமாட்டான்" என்றான் வெள்ளைக்காரன். வழி தவறினவனுக்குத் தாங்கள் இருக்கிற இடம் தெரிவதற்கு ஆகாயத்தில் சுடுவார்களாம். அவன் துவக்கைத் தூக்கினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அந்த அறைக் கதவு. கூப்பிடக் கூப்பிடச் சத்தம் வராத அறை. இவன் வழி தவறவில்லை, ஒளித்திருக்கிறான். தடயம் தெரியாமல் இருக்கத் தண்ணீருக்குள்ளால் நடந்திருக்கிறான். எங்களுக்குப் பயந்து! ஓடிப்போய் வெள்ளைக்காரனின் கையைப் பிடித்தேன்.

"சுடாதே. அவனுடைய பேரையும் சொல்லாதே."

எனக்கு விசர் பிடித்துவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தான். அவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் ஓடைக்கரையால் தனியாக இறங்கி நடந்தேன். நடந்துகொண்டு, வீட்டில் ஏசுகிற மாதிரியே உரத்து ஏசினேன்.

"அறுவான்! இந்தக் குளிருக்குள்ள என்னை அலைய விடுறியே. உன்ர அக்கா என்னை வீட்டுக்குள்ள விடுவாளே? ஜாக்கெட் என்ர, தெரியுமோ? அதை நனைச்சியெண்டால் தொலைஞ்சாய். எனக்குக் கால் விறைக்குது, பசிக்குது, அழுகையும் வருது..."

கடைசியில் சொன்னது உண்மை. அழுதுகொண்டுதான் போனேன், அழுதுகொண்டுதான் திரும்பி வந்தேன்.

"அத்தான்."

நாங்கள் இரண்டு பேரும் நின்று கத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே, கரை குடைந்திருந்த பள்ளத்துக்குள், விழுந்த மரத்தின் கீழ் கிடந்தான். மேலே பனியையும் இலையையும் அள்ளி மூடியிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைக் கண்டும் எழும்பவில்லை. தோளில் தொட்டேன். எழும்பினான்.

வெள்ளைக்காரன் வண்டிக்குள் ஏறியதும் மச்சானின் நனைந்த காலுறைகளைக் கழற்றி, தன் சட்டையைத் தூக்கி, அந்தக் கால்களைத் தன் வெறும் வயிற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நான் வண்டியை ஓட்டினேன். மலை இறங்கும்போது மச்சான் மெல்லக் கதைத்தான்.

"உங்கட சப்பாத்தைக் கண்டனான் அத்தான். ஆனா நீங்களும் பேரைச் சொன்னீங்கள்."

கொஞ்சத் தூரம் போனபிறகு மிச்சத்தைச் சொன்னான்.

"சண்டை முடிஞ்ச அண்டைக்கு ஆமிக்காரர் சனத்தை இருத்திவைச்சு ஸ்பீக்கரில பேர் கூப்பிட்டவங்கள். முதல் அண்ணான்ர பேர். அண்ணா கையைத் தூக்கிக்கொண்டு போனவர். அம்மாவுக்கு, நீங்கள் இதில இருங்கோ, இப்ப வந்திடுவார் எண்டு சொன்னவங்கள். அடுத்தது என்ர பேர். நான் குனிஞ்சு சனத்துக்குள்ள இருந்திட்டன். அம்மா பொழுதுபட்டும் அதிலயே இருந்தவ, எழும்பமாட்டன் எண்டு."

என் மனைவிக்கு இது தெரியாது. அண்ணா காணாமல் போனார் என்பது தெரியும், இது தெரியாது. அவளிடம் எப்படிச் சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

மலையடிவாரத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. மச்சானால் நடக்க ஏலாது. ஒரு சக்கரக் கதிரையில் அவனை இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் தாதி ஒருத்தி கதவைத் திறந்து, கையிலிருந்த கடதாசியைப் பார்த்து அவனுடைய பேரைக் கூப்பிட்டாள். மச்சான் நிலத்தைப் பார்த்துக் குனிந்தான். இன்னொரு தரம் கூப்பிட்டாள். நான் எழும்பிக் கையைத் தூக்கினேன்.

அவள் நல்லவள். கிட்ட வந்து கதிரையின் பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

"நீங்கள் இங்கேயே இருங்கள். இப்போது வந்துவிடுவார்."

மச்சானின் கை என் சட்டையைப் பிடித்தது. இங்கிலீஷ் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"ஏலாது" என்று கத்தினேன். அங்கிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிடியிலிருந்து அவளுடைய கையை எடுத்துவிட்டு, கதிரையை நானே தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.