ஏலத்துக்குப் போன மேசைவிரிப்பு

முதலில் அந்தப் பன்றி இறைச்சியைச் சொல்லிவிடுகிறேன். அதைத் துப்பாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் ஒஸ்லோவில் வாடகைப் பேருந்து ஓட்டுகிறவன். பள்ளிக்கூடச் சுற்றுலா, கல்யாண வீடு, உதைபந்தாட்ட அணி என்று யார் கேட்டாலும் ஏற்றிக்கொண்டு போவேன். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூதர்கள் முப்பது முப்பத்தைந்து பேரை வடக்கே இரண்டரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு நாட்டுப்புற ஊருக்குக் கூட்டிப்போவது நான்கு வருடம் என் வேலையாக இருந்தது. அந்த ஊரில் ஒரு காலத்தில் ஒரேயொரு யூதக் குடும்பம் துணிக்கடை வைத்திருந்தது. ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்திருந்த யுத்தகாலத்தில் நோர்வேப் பொலிஸ்காரரே வந்து அவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். கடைசி மகள் மட்டும் காட்டுவழியாகச் சுவீடனுக்குத் தப்பிப் போனாள். மற்றவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது தலைமயிர் வெட்டுகிறார்கள். வாசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதன் அருகில் நின்று பெயர்களை வாசித்து, பிரார்த்தனை சொல்லி, பிறகு ஊர் மண்டபத்தில் பிள்ளைகள் இரண்டு பாட்டுப் பாடி, கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

இவ்வளவுக்கும் துவக்கோடு இரண்டு பொலிஸ். பேருந்தின் முன்கண்ணாடியில் குழுவின் பெயரைப் போடாதே, 'தனிப்பட்ட பயணம்' என்று மட்டும் போடு என்று ஒவ்வொரு வருடமும் எனக்குக் கட்டளை வரும். கிழவர்களும் பிள்ளைகளும் செத்தவர்களின் பெயரை வாசிக்கப் போவதற்கு இப்படி ஒளித்துப் போகவேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் பழகிவிட்டார்கள். ஏறும்போதே ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து எனக்கும் ஒன்று நீட்டுவார்கள். அவர்களுடைய புதுவருடம் அந்த நாட்களில்தான் வரும்.

மண்டபத்தில் உபசாரம் செய்வது ஊர்ப் பெண்கள் சங்கம். மேற்பார்வை, கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்தில் பண்பாட்டுப் பிரிவைப் பார்க்கும் ஓர் அதிகாரி. நல்ல உயரம், கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை. முதல் வருடம் பாண் துண்டுகளின்மேல் பன்றி இறைச்சி வைத்திருந்தார்கள். சரி, தெரியாமல் செய்தது. இரண்டாம் வருடமும் அதே. மூன்றாம் வருடம் ஒருவர் சொன்னபோது அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே வந்து, தன் விரல்களாலேயே இறைச்சியை ஒவ்வொன்றாக உரித்தெடுத்துவிட்டு, அதே தட்டை மறுபடியும் நீட்டினார். "இப்ப சாப்பிடலாம்." இறைச்சியின் ஈரம் வெண்ணெயில் அப்படியே பளபளத்தது. வெள்ளிக்கிழமை சைவம் என்று சொன்ன எனக்கு வேலையிடத்தில் கறித்துண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தந்த சோறு அப்போது ஞாபகம் வந்தது. அவர்களோ நன்றி சொல்லிவிட்டுக் கோப்பியை மட்டும் குடித்தார்கள்.

நான் சொல்ல வந்தது நான்காவது வருடத்துக் கதை.

அந்த முறை எனக்கு நேர் பின்னால், முதல் இருக்கையில், எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா ஏறியிருந்தார். மெலிந்த உடம்பு, கையில் ஒரு வெறும் துணிப்பை. சுவீடனுக்குத் தப்பிப் போன கடைசி மகளின் மகள் அவர். முதல் தடவையாக வருகிறார். தாய் உயிரோடு இருந்தவரை அந்த ஊரின் பெயரைச் சொல்லவே விடவில்லையாம். தாய் அதற்கு முந்திய பனிக்காலத்தில்தான் இறந்திருந்தார்.

"எனக்கு அந்த வீட்டிலை இருந்து ஒரு பொருளும் இல்லை," என்றார் வழியில். "ஒரு படம் கூட இல்லை. பெரியம்மா எண்டு ஒராள் இருந்தவ. அவ தொட்ட ஒரு கரண்டியாவது கையிலை எடுத்துப் பாக்கவேணும் எண்டு ஆசை. அந்தக் கடை வாசல்படியாவது இருக்கோ?"

"புதுசாக் கட்டிப்போட்டாங்கள் அம்மா," என்றேன். நோர்வேஜிய மொழியில் யாரையும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. எனக்கு அப்படித்தான் வந்தது.

பிறகு தாய் சொன்ன ஒரேயொரு கதையைச் சொன்னார். அக்காவும் தங்கையுமாக வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வெள்ளை மேசைவிரிப்புத் தைத்தார்களாம். மூலையில் குடும்பத்தின் இரண்டு எழுத்துகள். முதலாவதை அக்கா தைத்தாள். இரண்டாவதைத் தங்கை அடம்பிடித்து வாங்கித் தைத்தாள். அவளுக்கு எட்டு வயது. எழுத்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பிரிக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாளாம்.

நினைவுக்கல்லுக்கு முன்னால் வழக்கமான கூத்து. மேயர் பிந்தி வந்து, கைபேசியைப் பார்த்து மூன்று நிமிடம் வாசித்து, கல்லோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். செத்தவர்களுக்குச் சொல்லும் அவர்களுடைய பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், யூதர்களாகவே இருக்கவேண்டும். அன்று வந்த வளர்ந்த ஆண்கள் பத்தே பேர். அவர்களில் காலில் வருத்தமுள்ள ஒருவர் பேருந்திலிருந்து இறங்க நேரமெடுத்ததால் ஒன்பது பேர் காத்து நின்றார்கள். அதிகாரி என்னையும் பொலிஸ்காரரையும் காட்டி, "இவையும் ஆம்பிளையள்தானே, சேர்த்து எண்ணுங்கோவன்," என்றார். உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார். அந்த முகத்தை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

மண்டபத்துக்குள் போனோம். அன்று பன்றி இறைச்சி இல்லை. பதிலாக இறால். அதுவும் அவர்கள் சாப்பிடமாட்டார்கள். சரி, போகட்டும். நடு மேசையில் பளிச்சென்று ஒரு வெள்ளை விரிப்பு. சங்கத்துத் தலைவி, அறுபது வயதுக்காரி, கன்னம் சிவக்கச் சிவக்க வரவேற்றாள். "இது என்ரை மாமியாரின்ரை. நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும்தான் எடுக்கிறனான். இண்டைக்கு உங்களுக்காக விரிச்சிருக்கிறன்."

அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்தவர், தன் முன்னால் தொங்கிய மூலையைக் கையிலெடுத்தார். அடுத்த மேசையில் கோப்பிக் கோப்பையோடு இருந்த எனக்கும் தெரிந்தது. இரண்டு எழுத்துகள். ஒன்று நேராக நின்றது. மற்றது இடப்பக்கம் விழுந்திருந்தது.

அவர் விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மாமிக்கு இது எங்கை கிடைச்சது?"

"ஏலத்திலை," என்றாள் தலைவி. ஊர்ச் சரித்திரம் சொல்லும் உற்சாகம். "யுத்த நேரம், இந்த மண்டபத்திலைதான் நடந்தது. பொலிஸ் பெரியவர் மேசையிலை ஏறி நிண்டு வித்தவராம். ஊரே வந்ததாம்."

"ஆரின்ரை சாமான்?"

தலைவி ஊற்ற எடுத்த கேத்தலைத் திரும்ப மேசையில் வைத்தாள். இத்தனை வருடமாக அந்தக் குடும்பத்துக்காகக் கோப்பி ஊற்றியவளுக்கு, மாமியின் விரிப்பும் இந்த விருந்தாளிகளும் ஒரே கதைதான் என்று ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். பிறகு சமாளித்துக்கொண்டு சொன்னாள்:

"அவை ஊரை விட்டுப் போட்டினம். ஆரோ ஒராள் எடுக்கத்தானே போயினம்? நாங்கள் எவ்வளவு கவனமா வைச்சிருந்தனாங்கள் தெரியுமோ. இவ்வளவு காலத்திலை ஒரு கறை கூடப் படேல்லை."

அரியண்டம். கறையில்லாத துணியாம். எண்பது நத்தாருக்கு அதன்மேல் பன்றித் தொடை வைத்துத் தின்றிருக்கிறார்கள். எழும்பி நின்று, வெட்கமில்லையா உங்களுக்கு என்று கேட்க வாய் உன்னியது. உண்மையிலேயே கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் என் அப்பாவின் குரல் கேட்டது. "நாங்கள் எடுக்காட்டி வேறை ஆரோ எடுக்கத்தானே போயினம்."

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளிக்கிடச் சொல்லிப் புலிகள் இயக்கம் விரட்டியது. கையில் ஒரு பையோடு சனம் போனது. கொஞ்ச நாளில் அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் மலிவு விலையில் விற்பனைக்கு வந்தன. அப்பா ஒரு தையல் மெசினைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மெசினின் லாச்சியை இழுத்துத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன வெள்ளைத் தொப்பி, பாதி தைத்தபடி, ஊசி குத்தியபடி இருந்தது. அம்மா ஊசியை உருவி வைத்துக்கொண்டு தொப்பியைக் குப்பையில் போட்டார். எனக்குப் பதினேழு வயது. பக்கத்தில் நின்றேன். அடுத்த வருடச் சரஸ்வதி பூசைக்கு அந்த மெசினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். நான் நோர்வேக்கு விமானம் ஏறியபோது போட்டிருந்த காற்சட்டை அதில் தைத்ததுதான்.

கதிரையை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மா கத்தவில்லை. எழுந்து, தன் கோப்பையை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு பக்கத்திலிருந்தவரின் கோப்பையை. மற்றவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து தட்டுகளையும் கேத்தலையும் பூச்சாடியையும் தூக்கி யன்னலிலும் நிலத்திலும் வைத்தார்கள்.

அதிகாரி ஓடிவந்தார். "கொஞ்சம் பொறுங்கோ. இது இப்ப ஊரின்ரை மரபுச்சொத்தும்தானே. மியூசியத்தோடை ஒருக்கா கதைச்சு, முறைப்படி ஒரு கடிதம்..."

"நான் கடிதம் எழுத வரேல்லை," என்றார் அந்த அம்மா. "நான் மேசையை ஒதுக்கிறன்."

விரிப்பை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, துணிப்பைக்குள் வைத்தார். தலைவி அழத் தொடங்கினாள். நான் நல்லதுக்குத்தானே செய்தேன், உங்களுக்காகத்தானே விரித்தேன் என்று விக்கி விக்கி அழுதாள். இதற்குமேல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரியம்மாவைப் பறிகொடுத்த குடும்பத்துக்காரி போய், அவளுடைய முதுகைத் தடவி, பரவாயில்லை, அழாதையுங்கோ என்று தேற்றவேண்டியிருந்தது. ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று, பாவம் இவள் என்றார்கள். அவர்கள் பாவம் என்றது தலைவியைத்தான்.

திரும்பும் வழியில் அந்த அம்மா முதல் இருக்கையில் மடியில் பையோடு இருந்தார். மூலையை மட்டும் வெளியே இழுத்து வைத்திருந்தார். பாதி வழியில் கேட்டார்.

"நீங்கள் இலங்கையிலை இருந்து வந்தனீங்கள் எண்டு சொன்னவை. அங்கையும் யுத்தம்தானே. உங்கடை ஊரிலையும் இப்பிடி நடந்ததோ? சனம் போக, மற்றவை சாமானை எடுக்கிறது?"

சொல்ல வழி திறந்து கிடந்தது. சாலை நேராக இருந்தது. மற்றவர்கள் நித்திரை. என் முகம்கூட அவருக்குத் தெரியாது.

"ஓம்," என்றேன். "நடந்தது. நான் இஞ்சை வந்தாப்பிறகு எங்கடை வீட்டு ஆக்களும் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடவேண்டி வந்தது. திரும்பிப் போய்ப் பாத்தால் கதவு இல்லை, யன்னல் இல்லை, கூரை மரம் இல்லை. எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள்."

அது அத்தனையும் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அம்மான்ரை தையல் மெசினைக் கூட விடேல்லை," என்றேன்.

"ஐயோ, பாவம் உங்கடை அம்மா," என்றார் அவர். இருக்கையிலிருந்து முன்னுக்குச் சரிந்து, என் தோளில் கையை வைத்தார். "உங்களுக்கு விளங்கும் எண்டு எனக்கு அங்கையே தெரியும். உங்கடை முகத்திலை கண்டனான்."

அவர் கண்டது என்ன முகத்தை என்று எனக்குத் தெரியும். அந்தக் கை கனமில்லாத கை. தட்டிவிடவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை. ஒஸ்லோவில் இறங்கும்போது, மிச்சமிருந்த தேன் போத்தலை என் அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்துவிட்டுப் போனார். என் அம்மா ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ரொம்சோஸில் என்னோடுதான் இருக்கிறார். இன்றைக்கும் யாராவது ஊரைப் பற்றிக் கதைத்தால், "என்ரை மெசினை எந்த நாசமறுந்தவன் கொண்டுபோனானோ," என்பார். தேனை வாங்கி ருசித்துப் பார்த்து, நல்ல தேன் என்றார். யார் தந்தது, எதற்குத் தந்தது என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அதே பயணத்துக்கு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அந்தக் குழுவினர் உன்னைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்றார்கள். எனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டேன்.