பல் நாற்காலிக்குப் போகாத பச்சை ஒயர்

எலக்ட்ரீஷியனுக்கு ஒயரின் தோலை உரிக்கப் பல்லே போதும். கட்டிங் பிளேயர் பையில்தான் இருக்கும், அதை எடுக்கக் குனிய வேண்டுமே. இருபத்தாறு வருஷமாக அவருடைய கீழ்வரிசைக் கோரைப்பல் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்தது. போன வாரம் அது விரிசல் விட்டது. பச்சைத் தண்ணீர் பட்டாலே உயிர் போகிற வலி.

மூன்று நாள் பல் டாக்டரைத் தேடி அலைந்தார். ஒருவர் வெளியூர் போயிருந்தார். இன்னொருவரைப் பார்க்கப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டுமாம். மூன்றாவது கிளினிக் தெருமுனையிலேயே இருக்கிறது. அதைத் தாண்டித் தாண்டித்தான் மனிதர் ஊரையே சுற்றினார்.

"நீங்களே ஒயரிங் பண்ண கிளினிக். அந்தம்மா வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிடுது. அங்க போறதுக்கு என்ன கேடு?" என்றாள் மனைவி, கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தபடி.

"கூட்டமா இருக்கும்."

கூட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், கிளினிக் திறப்பதற்கு முந்தின நாள், பல் நாற்காலிக்குப் போக வேண்டிய பச்சை ஒயர் ஒரு முழம் குறைந்துவிட்டது. எர்த் ஒயர். நாற்காலியின் இரும்பில் கரண்ட் கசிந்தால் அதைத் தரைக்கு இழுத்துக்கொண்டு போய் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். நாளைக்கு வந்து சேர்த்துவிடலாம் என்று சுவர்ப் பெட்டிக்குள் சுருட்டி வைத்து மூடிவிட்டார். அது இல்லாமலும் விளக்கு எரியும், நாற்காலி ஏறி இறங்கும். யார் கேட்கப் போகிறார்கள். அந்த நாளைக்கு இன்னும் விடியவில்லை.

நாலாம் நாள் காலை மனைவியே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே காத்திருந்தாள். அவர் கைகள் இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா விளக்கை இழுத்து வைத்து வாய்க்குள் பார்த்தார். "அரம் வெச்சு ராவுன மாதிரி பள்ளம் விழுந்திருக்கே. ஒயரைக் கடிப்பீங்களா அண்ணே?"

தலையாட்டினார்.

"பல்லு சாப்பிடறதுக்கு. ஒயருக்குத்தான் பிளேயர் இருக்கே. ராத்திரியும் ஒரு தடவை பல்லு தேய்ங்க." ஊசி போட்டார். உதடும் நாக்கும் மரத்துப் போயின. "கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க. சில நாள் லேசா சுள்ளுங்கும், குளிருக்கு அப்படித்தான்னு விட்டுட்டேன். நேத்துகூட ஒரு பாப்பா கையை உதறிக்கிட்டு அழுதுச்சு. பல்லுக்குப் பயந்து அழுதுன்னு நெனச்சு, நான்தான் அழுத்திப் பிடிக்க வெச்சேன்."

அவர் கைப்பிடியைத் தொடவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓடி மெயினை அணைத்தார். பெட்டியைத் திறந்தார். பச்சை ஒயர் வைத்த இடத்தில், வைத்த சுருள் கலையாமல் இருந்தது.

"நான்தான் சேர்க்கல," என்றார். குழறலாக வந்தது.

டாக்டரம்மா நாற்காலியைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

வண்டியிலிருந்து ஒயர் எடுத்து வந்து சேர்த்தார். கசிந்த இடத்தையும் தேடிப் பிடித்து மாற்றினார். நடுவில் பழக்கதோஷத்தில் ஒயர் நுனி வாய்க்குப் போனது. டாக்டரம்மா அதைப் பிடுங்கி, பிளேயரைக் கையில் திணித்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

"உக்காருங்க, பல்லைப் பார்ப்போம்," என்றவர், கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "இப்படி நாளைக்கு வந்து சேர்க்கலாம்னு இன்னும் எத்தனை இடத்துல விட்டிருக்கீங்க?"

வாய் திறந்திருந்ததால் விரல்களை மடக்கினார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார். பேக்கரியில் மாவு பிசைகிற மெஷின். மூன்றாவது விரல் பாதியில் நின்றுவிட்டது.

டாக்டரம்மாவின் கையைத் தள்ளிவிட்டு எழுந்து போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

"தங்கச்சி... ஹீட்டர்..." என்று டாக்டரம்மாவிடம் சொல்லப் பார்த்தார். பாதிதான் வந்தது.

"சீக்கிரம் சொல்லுண்ணே," என்றது போனில் தங்கையின் குரல். "வெந்நி போட்டாச்சு, குளிக்கப் போறேன்."

மரத்த நாக்கு புரளவேயில்லை. போனை டாக்டரம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"அம்மா, ஹீட்டரைத் தொடாதீங்க, குழாயையும் தொடாதீங்க. குளியலறைக்குள்ளயே போகாதீங்க," என்றார் டாக்டரம்மா. "ஏன்னு உங்க அண்ணன் வந்து சொல்வார்."